மின்கம்பம் எட்டாத மலைத்தோட்டத்தில் பசுமைக்குடில் அமைக்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் வாங்கிக் குடும்பத்தோடு குடியேறியிருக்கும் வாசகி ஒருவர், ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றைத் தவிர்த்து, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர்கள் வீட்டிலிருந்து கடைசி மின்கம்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கூரைமேல் 2 கிலோவாட் சூரியத் தகடுகளும், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் நான்கும் வைத்து விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, கணவரின் மடிக்கணினி, ஒரு சிறிய பம்பு ஆகியவற்றை ஓட்டுகிறார்கள். நிலத்தின் ஓரமாக இறங்கும் ஓடையிலிருந்து குழாய் வைத்து, மேட்டிலுள்ள 10,000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் இருக்கின்றன. திறந்த வெளியில் போட்ட தக்காளியும் பீன்ஸும் இரண்டு ஆண்டுகளாக ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகிவிட்டன. எனவே 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட பசுமைக்குடில் ஒன்றை, விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் கட்டித்தர ஓர் ஒப்பந்ததாரர் 4,60,000 ரூபாய் கேட்கிறார்; பாதியை முன்பணமாகத் தரச் சொல்கிறார். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வடக்குப் பக்கம் மண்சுவர் எழுப்பித் தெற்கு நோக்கிக் கட்ட வேண்டும் என்றும், மார்கழி இரவுகளுக்கு உள்ளே விறகடுப்பு வைக்க வேண்டும் என்றும் கணவர் விரும்புகிறார். பேட்டரிகளையும் குடிலுக்குள்ளேயே மாற்றிவிடலாம் என்பது அவருடைய இன்னொரு யோசனை. கட்டி முடித்த பிறகு அரசு மானியம் பாதி வந்துவிடும் என்றும் நம்புகிறார். ஆயுள் முழுவதும் விவசாயம் பார்த்த மாமனாரோ, "இந்த மழைக்கும் காத்துக்கும் பிளாஸ்டிக் நிக்காதும்மா" என்கிறார். "யார் சொல்வது சரி? கட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

கட்டலாம். ஆனால் ஒப்பந்ததாரர் வரைந்து கொடுத்திருக்கும் குடிலைக் கட்ட வேண்டாம். உங்கள் மாமனாரின் அச்சத்தில் பெரும்பகுதி நியாயமானது. அந்த அச்சத்தையே வடிவமைப்பின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் நல்ல குடில் அமையும். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை மூவரும் சேர்ந்து படிக்கும்வரை கொடுக்காதீர்கள்.

போர்வையா, குடையா?

கணவர் பார்த்த காணொளிகள் பொய்யானவை அல்ல. பனி உறையும் நாடுகளில், குளிர்காலச் சூரியன் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகவே நகர்கிறது. அந்தச் சாய்ந்த வெயிலைப் பிடித்து வைக்கத் தெற்கே கண்ணாடியும், வெப்பம் வெளியேறாமலிருக்க வடக்கே தடித்த சுவரும் வைக்கிறார்கள். அங்கே பசுமைக்குடில் என்பது பயிருக்குப் போர்த்தும் போர்வை.

உங்கள் நிலம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களிலேயே சூரியன் உங்கள் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அதன் பிறகு ஆவணி இரண்டாம் வாரம் வரை, நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் விழும். வைகாசியில் ஒரு கம்பை நட்டு உச்சிப்பொழுதில் பாருங்கள். அதன் நிழல் தெற்கே சாயும். வடக்கே நீங்கள் எழுப்பும் மண்சுவர் ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் வெயிலை மறைத்துக்கொண்டு, காற்றையும் தடுத்துக்கொண்டு நிற்கும். மார்கழியில்கூட நண்பகல் சூரியன் 56 பாகை உயரத்தில் இருக்கும். அதைப் பிடிக்கச் சாய்தளம் எதுவும் தேவையில்லை.

குளிரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு வெப்பமானியில் மார்கழியில் பார்த்த மிகக் குறைந்த அளவு 10 பாகை செல்சியஸ் என்று குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் குளிரில் தக்காளியின் வளர்ச்சி மந்தமாகும், செடி சாகாது. மேலும், ஒற்றைப் படலமாகப் போடும் பாலித்தீன் விரிப்பு, மண்ணிலிருந்து இரவில் வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சைப் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே விடியற்காலையில் உள்ளே ஒன்றிரண்டு பாகைதான் கூடுதலாக இருக்கும். அதை ஈடுகட்ட விறகடுப்பு வைப்பது ஆபத்து. மூடிய குடிலுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். புகையிலுள்ள எத்திலீன் பூக்களை உதிர்க்கும். விறகடுப்புத் திட்டத்தை முற்றிலும் கைவிடுங்கள்.

உங்கள் பயிரை அழித்தது எது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஐப்பசி, கார்த்திகை மழை. இலையில் விடாமல் நிற்கும் ஈரமும், மண்ணிலிருந்து தெறித்து அடியிலைகளில் ஒட்டும் சேறும், அந்த ஈரத்தில் பரவும் பின்பருவ இலைக்கருகலும்தான் காரணம். இங்கே பயிருக்கு வேண்டியது குடை. மேலே நனையாமல் மூடியும், நாற்புறமும் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும்படியும் இருக்க வேண்டும். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

விசிறியைக் கணக்குப் பார்ப்போம்

விசிறி, ஈரத்திரை முறையில் ஒரு பக்கம் பெரிய விசிறிகள் காற்றை வெளியே இழுக்க, எதிர்ப்பக்கம் நனைந்த திரை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். 200 சதுர மீட்டர் குடிலில் நிமிடத்துக்கு ஒருமுறை முழுக் காற்றையும் மாற்ற, ஒன்றரைக் குதிரைத்திறன் விசிறிகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று ஏறத்தாழ 1.1 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 7 மணி நேரம் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்து 15 யூனிட்டுக்கு மேல் செலவாகும். ஈரத்திரைப் பம்பு தனி. உங்கள் 2 கிலோவாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் தருவது 8 யூனிட் அளவுக்குத்தான். மேகமும் மூடுபனியும் உள்ள மலையில் அதுவும் குறையும். பேட்டரிகள் நான்கிலும் சேர்த்து 7.2 யூனிட் இருப்பதாகக் கணக்கு வந்தாலும், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான்.

தகடுகளைக் கூட்டிக்கொள்ளலாமே என்று கணவர் கேட்பார். கூட்டலாம், ஆனால் ஈரத்திரை வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருக்கும் உங்கள் மழை மாதங்களில் அது ஒன்றிரண்டு பாகைக்கு மேல் குளிர்விக்காது. உள்ளே ஈரத்தைக் கூட்டி நோயைத்தான் வளர்க்கும். எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. மூடிய குடிலில் விசிறி நின்றுவிட்டால், சித்திரை வெயிலில் அரைமணி நேரத்திலேயே உள்ளே 40 பாகையைத் தாண்டலாம். 35 பாகைக்கு மேல் தக்காளியின் மகரந்தம் பயனற்றுப்போகும். குடைமிளகாய் பூவை உதிர்த்துவிடும். இன்வெர்ட்டர் பழுதானால் ஆள் வந்து பார்க்கவே நான்கு நாள் ஆகும் இடத்தில், ஒரு மோட்டாரை நம்பிப் பயிரை வைக்கக் கூடாது.

பேட்டரிகளைக் குடிலுக்குள் மாற்றும் யோசனையும் வேண்டாம். உங்களிடம் இருப்பது போன்ற ஈய-அமில பேட்டரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகை உயர்வுக்கும் தன் ஆயுளில் ஏறத்தாழ பாதியை இழக்கும். இப்போது இருக்கும் நிழலான திண்ணையே அவற்றுக்கு நல்ல இடம்.

நான் பரிந்துரைக்கும் குடில்

உங்கள் நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது, படிக்கட்டு மேடைகள் ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 10 மீட்டர் அகலக் குடில் வேண்டுமென்றால் இரண்டு மேடைகளை வெட்டி ஒன்றாக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய வெளிவிளிம்பில் தூண்களை நட்டால், முதல் பெருமழையிலேயே அந்த விளிம்பு அமுங்கும். அதைவிட, ஒரே மேடையில் அடங்கும்படி 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளத்தில் ஒரு குடில் கட்டுங்கள். பலன் பார்த்த பிறகு அடுத்த மேடையில் அதேபோல் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். கிழக்குச் சரிவில் மேடை வடக்கு தெற்காக ஓடும் என்பதால் குடிலின் நீளவாக்கும் வடக்கு தெற்காகவே அமையும். தூண், சட்டங்களின் நிழல் ஒரே வரிசைமேல் நாள் முழுவதும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க இந்தத் திசைதான் ஏற்றது.

இது இயற்கைக் காற்றோட்டக் குடிலாக இருக்கட்டும். பக்கங்களில் 3 மீட்டர், நடுவில் 4.5 மீட்டர் உயரம். கூரையின் ஒரு பாதி மற்றதைவிட உயர்ந்து, இரண்டுக்கும் இடையே நீளம் முழுவதும் 80 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதைப் பூச்சிவலையால் மூட வேண்டும். சூடான காற்று மேலேறி அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். மேல் இடைவெளியின் வாய், காற்று வரும் திசைக்கு மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். உங்களுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று மழையோடு வரும். அடிக்கும் மழை உள்ளே புகாமலிருப்பதே முக்கியம் என்பதால், வாயை மேற்குப் பக்கம், அதாவது மலை முதுகைப் பார்த்தபடி வைப்பதே நல்லது. இருந்தாலும் எந்தக் காற்று உங்கள் பள்ளத்தாக்கில் எப்படித் திரும்புகிறது என்பது மாமனாருக்குத்தான் தெரியும். இடத்தைக் காட்டி அவரைக் கேளுங்கள்.

பக்கங்களில் 40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண்கள் உள்ள பூச்சிவலையும், அதன்மேல் கைப்பிடியால் சுற்றி ஏற்றி இறக்கும் பாலித்தீன் திரையும் போதும். கோடையில் உள்ளே விரிக்க 50 சதவீத நிழல்வலை ஒன்று வேண்டும். அதையும் கயிற்றால் இழுத்து மூடலாம். இந்தக் குடிலில் மின்சாரத்தை நம்பி இயங்கும் பொருள் ஒன்றுகூட இல்லை.

எலும்பும் தோலும்

காற்றைப் பற்றி மாமனார் சொல்வதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018 நவம்பர் 16 அன்று நாகை மாவட்டக் கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவைத் தாண்டித் திண்டுக்கல் மாவட்ட மலைகள் வரை ஏறி மரங்களைச் சாய்த்தது. குடிலின் இரும்புக்குழாய் துத்தநாகம் பூசியதாகவும், 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் விலைப்பட்டியலில் 'ஜிஐ பைப்' என்று மட்டும்தான் இருக்கிறது, தடிமன் இல்லை. அந்த ஒரு வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு தூணும் குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழத்தில், வெட்டிக் கொட்டிய மண்ணில் அல்லாமல் கெட்டித்தரையில் கான்கிரீட்டில் நிற்க வேண்டும். மேட்டுப்பக்கம் குடிலுக்குப் பின்னால் ஒரு வடிகால் வெட்டி, மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

விரிப்பு 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) தடிமனும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் தன்மையும் உள்ளதாக இருக்கட்டும். நன்றாகப் பராமரித்தால் மூன்று முதல் நான்கு ஆண்டுகள் வரும். அதன் பிறகு மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை சேர்வராயன் மலையில் கிழிந்த குடில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். காற்றுதான் கிழித்தது என்று உரிமையாளர் சொன்னார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, விரிப்பை அலுமினியச் சட்டத்துக்குள் அழுத்திப் பிடிக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கழன்றிருந்தது. கழன்ற இடத்தில் விரிப்பு சட்டத்தின் கூரிய விளிம்பில் உரசி உரசி, முதலில் விரல்நுழையும் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்குள் புகுந்த காற்று மீதியைச் செய்துவிட்டது. மாதம் ஒருமுறை ஸ்பிரிங்கைக் கையால் தடவிப் பார்த்து அழுத்திவிடுவது அரைமணி நேர வேலை. சட்டத்தின் வெட்டுமுனைகளை அரம் போட்டு மழுக்கச் சொல்வதும் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

மூங்கிலில் கட்டினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த மூங்கிலால் மழைமறைப்பு அமைப்பவர்கள் உண்டு. செலவு வெகுவாகக் குறையும். கட்டத் தெரிந்த ஆள் அருகில் இருந்தால் தயங்க வேண்டாம். ஆனால் மண்ணில் புதையும் அடிப்பகுதிக்கு மட்டும் இரும்புக்குழாய் வைத்து, அதன்மேல் மூங்கிலைப் பிணையுங்கள்.

தண்ணீர்தான் முதல் வேலை

கடிதத்தில் மிகக் குறைவாக எழுதியிருப்பது தண்ணீரைப் பற்றி. எனக்கோ அதுவே முதலில் கண்ணில் படுகிறது. மாசி, பங்குனியில் ஓடை வற்றிவிடும் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கூரை போட்டுவிட்டால் அந்த மண்ணில் ஒரு சொட்டு மழைகூட விழாது. செடி குடிக்கும் தண்ணீர் முழுவதையும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். தக்காளி, வெள்ளரிக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 300 லிட்டர் என்று வைத்தால், மழையில்லாத 120 நாட்களுக்கு 36,000 லிட்டர். உங்கள் 10,000 லிட்டர் தொட்டி, வீட்டுச் செலவே இல்லையென்றாலும், 33 நாள்தான் தாங்கும்.

விடை அந்தக் கூரையிலேயே இருக்கிறது. உங்கள் மழைமானிக் குறிப்பின்படி கடந்த ஆண்டு 1,350 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 1,35,000 லிட்டர்; சிந்தல், வழிதல் போக 15 சதவீதம் கழித்தாலும் 1,14,000 லிட்டருக்கு மேல். இரு பக்கமும் வாய்க்கால் தகடு வைத்து அந்த நீரைப் பிடித்து, அடுத்த கீழ்மேடையில் தடித்த பாலித்தீன் விரிப்பிட்ட 50,000 லிட்டர் குட்டை ஒன்றில் சேருங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் குட்டையைச் சுற்றி வேலியும் மேலே வலையும் கட்டாயம் வேண்டும். வெயில் இருக்கும் பகல் வேளையில் சிறிய பம்பு அந்நீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றட்டும். 1,000 லிட்டரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பெல்லாம் சேர்த்துக் கால் யூனிட் அளவே மின்சாரம் ஆகும் என்பதால், இப்போதிருக்கும் தகடுகளே போதும். தொட்டி குடிலைவிட 8 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பம்பு ஓடாமலே சொட்டுநீர்க் குழாய்க்கு 0.8 பார் அழுத்தம் கிடைக்கும். சமவெளி விவசாயி மோட்டார் போட்டுப் பெறுவதை உங்களுக்கு மலை இலவசமாகக் கொடுக்கிறது.

ஓடையைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "எங்கள் நிலத்து ஓடை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டா நிலத்தை ஒட்டி ஓடினாலும், ஓடை புறம்போக்கு அரசுக்குச் சொந்தமானது; கீழே இருக்கும் தோட்டங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தை எடுத்து, ஓடை எந்தப் புல எண்ணில் வருகிறது என்று பாருங்கள். வறண்ட மாதங்களில் முழுநீரையும் குழாயில் திருப்பினால் அக்கம்பக்கத்தில் பகை வரும். புகாரானால் உங்கள் பக்கம் நிற்கக் காகிதம் இருக்காது. கூரைநீரைச் சேமித்தால் இந்தச் சிக்கலே எழாது.

அனுமதியும் மானியமும்

விவசாயக் குடிலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஒப்பந்ததாரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள். தமிழ்நாட்டின் மலைப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் கட்டுமானத்துக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு உண்டு. உங்கள் வருவாய்க் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலும், நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். மேடை வெட்ட ஜேசிபி கொண்டுவருவதாக ஒப்பந்ததாரர் சொல்லியிருப்பதும் கவனிக்க வேண்டியது. மலைப்பகுதியில் மண்வாரி இயந்திரம் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிடிபட்டால் வண்டிக்காரரோடு நில உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டிவரும். நிழல் விழுகிறது என்பதற்காகச் சில்வர் ஓக் மரங்களை வெட்டுவதானாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி முன்அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே கோடரியை எடுக்க வேண்டும். ஒரே மேடையில் அடங்கும் சிறு குடில் என்றால் மண்வெட்டும் இல்லை, மரவெட்டும் இல்லை.

காட்டுமாடும் பன்றியும் வருவதால் குடிலைச் சுற்றிச் சூரியமின் வேலி போடப் போவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அதை வனத்துறையிடம் பதிவுசெய்ய வேண்டும். தரமான மின்துடிப்புக் கருவி வழியாக மட்டுமே மின்சாரம் செல்ல வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு இணைப்பது மனிதரையும் விலங்கையும் கொல்லும் குற்றம். எவர் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

மானியத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ்ப் பசுமைக்குடிலுக்கு 50 சதவீத மானியம் உண்டு என்பது சரி. ஆனால் அது ஒப்பந்ததாரர் கேட்கும் தொகையில் பாதி அன்று. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த அலகுச் செலவில் பாதி. அதோடு, முதலில் விண்ணப்பித்து, களஆய்வு முடிந்து, பணி ஆணை கைக்கு வந்த பிறகே கட்ட வேண்டும். கட்டிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. சிட்டா, அடங்கல், புலப்பட நகல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். உழவன் செயலியிலும் பதியலாம். உங்கள் அளவுக்குச் சிறிய குடில் தகுதி பெறுமா, நடப்பாண்டின் அலகுச் செலவு என்ன என்ற இரண்டையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டுநீருக்குத் தனி மானியம் உண்டு: சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறார்கள். குடும்பத்தின் மொத்த நிலம் 5 ஏக்கருக்குள் இருந்தால் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று கேட்கலாம்.

என் கருத்தில், முதல் குடிலை மானியத்துக்காகக் காத்திராமல் சொந்தப் பணத்தில் கட்டுவதே நல்லது. நான் சொல்லும் அளவுக்கு, மலையேற்றிய வண்டிவாடகையும் சேர்த்து, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவில் முடியும். இரண்டாவது குடிலுக்கு நிதானமாக விண்ணப்பியுங்கள். அதற்குள் உங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது கைப்பட்ட அறிவாகிவிடும்.

உள்ளே முதல் ஆண்டு

ஸ்ட்ராபெரி, லெட்யூஸ், குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி என்று ஐந்தையும் ஒரே குடிலில் வைக்கும் ஆசை புரிகிறது. முதல் ஆண்டு தக்காளியும் வெள்ளரியும் போதும். ஓரத்தில் வீட்டுக்குக் கீரை போடுங்கள். பூச்சிவலை தேனீயையும் தடுத்துவிடும் என்பதால், மகரந்தச்சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். தக்காளியில் ஒரே பூவில் இரு பாலும் உண்டு. அசைவு இருந்தால் போதும். காலை பத்து மணிவாக்கில், இலை ஈரம் காய்ந்த பிறகு, செடியைத் தொங்கவிட்ட சணல் கயிற்றை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே வரிசையைக் கடந்து போனால், மஞ்சள் பொடி உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நாற்றுக்கு ரெட்டியார்சத்திரத்திலுள்ள காய்கறி மகத்துவ மையத்தை அணுகுங்கள்; குழித்தட்டு நாற்றும் கிடைக்கும், நடக்கும் குடில்களையும் நேரில் காணலாம். மலைப்பயிர் நோய்களுக்குத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

மழை மாதங்களில் விடியற்காலை ஆறரை மணிக்குக் குடிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். விரிப்பின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்து நிற்கும். வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக இலைமேல் சொட்டும். சாம்பல் பூசணம் தொடங்குவது அந்தச் சொட்டில்தான். குளிருகிறதே என்று பக்கத்திரையை மூடியே வைக்காமல், மழைச்சாரல் அடிக்காத பக்கத்தை அதிகாலையிலேயே ஏற்றிவிடுங்கள். அடியிலைகளை முழங்கால் உயரம் வரை கிள்ளிவிடுங்கள்.

இயற்கைமுறை என்பதால் கந்தகப்பொடி தூவலாம் என்று எண்ணியிருக்கிறீர்கள். கந்தகம் விரிப்பின் புற ஊதாத் தாங்குதிறனைக் கெடுத்து ஆயுளைக் குறைக்கும். இலைமேல் வெள்ளைப்பொடி போலப் படியும் சாம்பல்நோய்க்கு வேறு வழி பாருங்கள். மழை கழுவாத மண் என்பதால் உப்பும் வேர்முடிச்சு நூற்புழுவும் ஆண்டுக்கு ஆண்டு சேரும். வேப்பம்பிண்ணாக்கு, டிரைகோடெர்மா என்ற நன்மைசெய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரம், ஒரு பருவம் செண்டுமல்லி என்று முதல் ஆண்டிலிருந்தே சுழற்சியைத் தொடங்கினால், மூன்றாம் ஆண்டில் குடிலை இடம் மாற்றும் நிலை வராது.

ஒப்பந்ததாரருக்கு இப்படி எழுதுங்கள்: 5 மீட்டருக்கு 20 மீட்டர், மேல்வாய் உள்ள இயற்கைக் காற்றோட்டக் குடில், விசிறியும் ஈரத்திரையும் வேண்டாம், குழாயின் விட்டமும் தடிமனும், விரிப்பின் மைக்ரானும் தயாரிப்பாளரின் பெயரும், அடித்தள ஆழம், வாய்க்கால் தகடு ஆகியவை தனித்தனி வரியாக விலையோடு வேண்டும், முன்பணம் கால்பங்கு, பொருள் நிலத்தில் இறங்கி நீங்கள் அளந்து பார்த்த பிறகு பாதி, முதல் பெருமழைக்குப் பின் மீதி. இதற்கு அவர் ஒத்துக்கொண்டால் ஆவணிக்குள் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். இடையில் மாமனாரை அழைத்துக்கொண்டு மேடைக்குப் போய், இரு முனையிலும் நடுவிலும் மூன்று கம்புகள் நட்டு, உச்சியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். ஆடிக்காற்றில் அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்று அவரே தினமும் பார்த்துச் சொல்லட்டும்.